உருவ வரைவும் கனவடிவ மாதிரியும்: முதல் பருவப் பயிற்சிகள்

மனித உருவம் வரைவதையும் அட்டையில் கனவடிவங்கள் செய்வதையும் பலர் தனித்தனிப் பாடங்களாகவே பழகுகிறார்கள். சேர்த்துப் பழகினால் இரண்டும் சீக்கிரம் கைக்கு வரும். ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும் இடுப்பைத் தாளில் பிடிக்க முடியாமல் திணறும் கை, அதே இடுப்பைப் பெட்டியாகச் செய்து சாய்த்துப் பார்த்த பிறகு அவ்வளவு தடுமாறாது.

வரைவில் தொடங்குவோம். ஏ2 அளவுத் தாள், கரித்துண்டு அல்லது 4பி பென்சில், நிமிர்த்தி வைத்த பலகை, இவை போதும். மேசைமேல் தாளைப் படுக்கவைத்து வரைய வேண்டாம். தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தொலைவில் இருப்பதால் சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தானாகவே நீட்டி வரைந்துவிடும். தாளைத் தூக்கி நிறுத்தியதும் தலையும் மார்பும் பெருத்துத் தெரிவது இதனால்தான். நிற்பவரின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரத்தில் இருந்து பாருங்கள். அதற்கும் கிட்டே போனால் தலையைப் பார்க்கக் கண்ணை மேலேயும், பாதத்தைப் பார்க்கக் கீழேயும் ஓட்ட வேண்டியிருக்கும். உருவம் ஒரே பார்வையில் அடங்காது.

ஒரு அமர்வுக்கு இந்த வரிசை பொருந்தும்: 30 விநாடியில் பத்து, 1 நிமிடத்தில் ஐந்து, 5 நிமிடத்தில் மூன்று, கடைசியாக 20 நிமிடத்தில் ஒன்று. முப்பது விநாடிப் படத்தில் வெளிக்கோட்டைத் தொடவே கூடாது. தலையிலிருந்து முதுகு வழியாக, எடை தாங்கும் பாதம்வரை ஓடும் ஒரே வளைவு, பிறகு தோள்களுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு. மூன்று கோடும் தோளிலிருந்து கையை வீசி இழுக்க வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் கோடு துண்டு துண்டாக, மயிர் மயிராக வரும்.

ஒரு காலில் எடையைப் போட்டு நிற்பவரைக் கவனியுங்கள். எடை தாங்கும் பக்கம் இடுப்பு உயரும். உடல் தளர்வாக இருந்தால் அதே பக்கத் தோள் தாழும். தொடக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு கோட்டையும் ஒரே பக்கம் சாய்த்துவிடுகிறார்கள், அல்லது படுக்கைக் கோடாகவே போட்டுவிடுகிறார்கள். உருவம் கவிழ்வதுபோலவோ மரப்பொம்மைபோலவோ தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சரிபார்க்க, ஒரு நூலில் சிறு குண்டைக் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொங்கவிட்டுப் பாருங்கள். முன்னிருந்து பார்க்கும்போது கழுத்துக்குழியிலிருந்து இறங்கும் நூல் எடை தாங்கும் பாதத்தின்மேல் வந்து விழும். படத்திலும் அப்படியே விழ வேண்டும்.

நீளமான படங்களுக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். கையை முழுவதும் நீட்டி, முழங்கையை மடக்காமல், பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துத் தலையின் உயரத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்தவரின் நிற்கும் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. அதன் நடு, கவட்டை ஒட்டி வரும். தாளில் முதலில் உச்சியையும் பாதத்தையும் குறித்துவிட்டு நடுவைப் பிரியுங்கள். தலையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கினால் பாதத்துக்குத் தாளில் இடம் இருக்காது.

இனி அட்டை. தேவை: 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடையுள்ள) அட்டை, 2 மில்லிமீட்டர் மவுண்ட் போர்டு (மடிக்க வராத தடித்த அட்டை), ஸ்டீல் ஸ்கேல், கட்டர், கட்டிங் மேட், கவராயம், வெள்ளைப் பசை, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா.

முதல் பயிற்சியாக 5 செ.மீ. பக்கமுள்ள இருபது முகக் கனவடிவத்தைச் செய்யுங்கள். 20 சமபக்க முக்கோணங்கள், 30 விளிம்புகள், 12 முனைகள். விரித்த படத்தில் நடுவே பத்து முக்கோணம் கொண்ட ஒரு பட்டை, மேலே ஐந்து, கீழே ஐந்து. ஒரு வரிசையின் உயரம் 4.33 செ.மீ., மொத்த நீளம் 27.5 செ.மீ. ஐந்தைந்தாக ஒன்றன்பின் ஒன்று அளக்காதீர்கள். ஸ்கேலை ஒரே இடத்தில் வைத்து 5, 10, 15 என்று குறியுங்கள். ஒவ்வொரு முறையும் பென்சில் முனை அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் ஐந்தாவது முக்கோணத்தில் அது இரண்டரை மில்லிமீட்டராகி, கடைசி முகம் மூடாமல் வாயைப் பிளந்து நிற்கும்.

முகங்களை ஒன்றோடொன்று ஒட்ட ஓரத்தில் விடும் ஒட்டுப்பட்டி எத்தனை என்று குழம்ப வேண்டியதில்லை. ஒரே துண்டாக விரியும் இத்தகைய வடிவத்தில் முனைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் கிடைப்பதே பட்டிகளின் எண்ணிக்கை. கனசதுரத்துக்கு 7, எண்முகிக்கு 5, இதற்கு 11. ஒவ்வொரு பட்டியும் 6 மில்லிமீட்டர் அகலம், இரு ஓரமும் சாய்வாக.

வெளிக்கோட்டை வெட்டுவதற்கு முன்பே மடிப்புக் கோடுகள் எல்லாவற்றையும் பேனாமுனையால் அழுத்திக் கீறிவிடுங்கள். வெட்டிய பிறகு அட்டை நழுவும். கீறிய பக்கம் வெளியே வரும்படி மடிக்க வேண்டும். பசையை மெல்லிய படலமாகத் தடவி அரை நிமிடம் பிடித்திருங்கள். அதிகமானால் ஈரத்தில் முகம் உப்பிவிடும். கடைசி முகத்துக்கான பட்டிகளை மூடியில் வைக்காமல் உடலில், திறப்பின் ஓரத்தில் வையுங்கள். மூடி உட்கார ஒரு விளிம்பு கிடைக்கும்.

மவுண்ட் போர்டில் கதை வேறு. வெளியளவு 10 செ.மீ. உள்ள கனசதுரத்துக்கு ஆறு சதுரங்களை 10 செ.மீ.யில் வெட்டினால் பொருந்தாது, ஏனென்றால் தடிமன் குறுக்கே வருகிறது. 100×100 மி.மீ. இரண்டு, 100×96 இரண்டு, 96×96 இரண்டு, இதுதான் சரியான வெட்டு. ஸ்கேலை வேண்டிய துண்டின்மேல் வைத்து வெட்டினால், கட்டர் வழுக்கினாலும் கெடுவது வேண்டாத பக்கம்தான். ஒரே வெட்டில் அறுக்க முயன்றால் கத்தி சாய்ந்து ஓரம் சரிவாகிவிடும். மூன்று நான்கு முறை மெதுவாக ஓட்டுங்கள்.

இப்போது இரண்டையும் சேர்க்கலாம். நீங்கள் வரைந்த நிலைகளில் ஒன்றை 30 செ.மீ. மாதிரியாக்குங்கள். தலை 4×3×3.5, மார்பு 6×6×4, இடுப்பு 3×5×3.5 செ.மீ., உயரம், அகலம், ஆழம் என்ற வரிசையில் மூன்று அட்டைப் பெட்டிகள். கழுத்துக்கும் இடைக்கும் ஒவ்வொரு செ.மீ. விட்டால் மேல்பாதி சரியாக 15. கால்களுக்கு மீதி 15. இவை எளிமையாக்கிய அளவுகள், உடற்கூறு துல்லியம் இதில் தேட வேண்டாம். மடிக்கும் முன்பே பெட்டிகளில் துளையிட்டு, 2 மி.மீ. அலுமினியக் கம்பியை முதுகெலும்பாகக் கோத்துவிடுங்கள். துளை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் பெட்டி சாய்த்த இடத்தில் நிற்கும். கால்களுக்கு இரண்டு தனிக் கம்பி. இடுப்புப் பெட்டியை மூடும் முன்பே உள்ளே வளைத்து ஒட்டிவிடவும்.

பீடத்தில் ஒட்டுவதற்கு முன் அதே குண்டுநூலைக் கழுத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எடை தாங்கும் காலை விட்டு விலகினால் இடுப்புப் பெட்டியின் சாய்வைக் கூட்டி, மார்பை எதிர்ப்பக்கம் சாய்த்துவிடுங்கள். பொருந்தியதும் பீடத்தோடு 45 பாகை, 90 பாகை என்று சுற்றி, மூன்று கோணங்களில் பத்துப் பத்து நிமிடம் வரையுங்கள். பிறகு நிற்பவரை அதே நிலையில் நிறுத்தி, பெட்டிகளை மெல்லிய கோட்டில் முதலில் போட்டு, அவற்றின்மேல் உருவத்தை எழுப்புங்கள்.