பல்லைப் பிடுங்கிய பிறகு யோசிக்காதீர்கள்: இம்ப்ளாண்ட்டில் காலம் தப்பும் இடங்கள்

திருவையாறானாலும் மன்னார்குடியானாலும் பல் டாக்டரிடம் கேட்கும் பேச்சு ஒன்றுதான். ஆடியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர், "சம்பா அறுத்துட்டு வந்து ஸ்க்ரூ பல் வச்சுக்கிறேன் டாக்டர்" என்று கிளம்புவார். ஸ்க்ரூ பல் என்பதுதான் இம்ப்ளாண்ட்: தாடை எலும்பில் ஒரு ஸ்க்ரூவைப் பதித்து, அதன்மேல் கேப் எனும் செயற்கைப் பல்லை மாட்டுவது. மாசியில் வந்து வாயைத் திறப்பார். ஸ்க்ரூவுக்கு எலும்பு போதாது. சிகரெட் கூடாது, பல்லை ஒழுங்காகத் துலக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுவோம்.

பிடுங்கிய பிறகு யோசிப்பது

அதிகம் செலவு வைப்பது இந்தத் தவறுதான். ஐந்து நிமிடம் முன்னாடி பேசியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதால் எரிச்சலும் இதில்தான் அதிகம்.

பல் இருக்கும்வரைதான் அதைச் சுற்றிய எலும்புக்கு வேலை. பல் போனதும் எலும்பு உள்வாங்கும்; உதடு, கன்னம் இருக்கும் பக்கம்தான் முதலில் போகும். மேல் முன்பல்லில் அந்தச் சுவர் பெரும்பாலும் 1 மி.மீ.கூட இருக்காது. தண்ணீர் நின்ற வயலில் ஒல்லி வரப்பு கரைகிற மாதிரி சில வாரங்களில் கரைந்துவிடும். கடைவாயில் 12 மி.மீ. அகலமாக இருந்த எலும்பு மேடு ஓராண்டில் பாதியாகிவிடலாம். அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிடும்.

4 மி.மீ. குறுக்களவுள்ள ஸ்க்ரூவுக்கு இரு பக்கமும் 1.5 மி.மீ. எலும்பாவது வேண்டும். ஆக 7 மி.மீ. கையில் இருப்பது 5 என்றால் எலும்புத் தூள், அதை மூட ஒரு சவ்வு, தனியாக ஒரு ஆபரேஷன், அதற்கு மேல் 4 முதல் 6 மாதம் காத்திருப்பு. மேல் கடைவாயில், பல்லுக்கு மேலே இருக்கும் சைனஸ் எனும் காற்றறையின் தரையும் இறங்கி வந்துவிடும். அதைத் தூக்கி நிரப்புவது இன்னொரு செலவு. நெல் போட்ட காசு இதற்கே போச்சு என்று அப்புறம் டாக்டர்மீது கோபப்படுவார்கள்.

ஆகவே கொறடு வாய்க்குள் போகுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். வேர்களைப் பிரித்து, சுவர் உடையாமல் ஒவ்வொன்றாக எடுக்க முடியுமா? ஸ்க்ரூவை எப்போது வைப்பது? தள்ளித்தான் போகுமென்றால், குழியில் இன்றைக்கே எலும்புத் தூள் நிரப்பலாமா? நிரப்பினாலும் கொஞ்சம் எலும்பு போகும்தான், ஆனால் பெரும்பகுதி நிற்கும். அறுப்பு முடிந்துதான் வர முடியும் என்பவருக்கு இதுதான் வழி.

நிரப்பாவிட்டால் கணக்கு வேறு. ஆடி நடுவில் பிடுங்கியது முன்பல்லானால், ஈறு மூடும் 4 முதல் 8 வாரம் சரியான காலம். ஆவணிப் பாதியிலிருந்து புரட்டாசி முதல் பாதிக்குள் வர வேண்டும். கடைவாய்ப் பல்லென்றால் 12 முதல் 16 வாரம், அதாவது ஐப்பசியும் கார்த்திகை முதல் வாரமும். நடவு முடிந்து மழைக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்கள்தானே அவை.

அன்றைக்கே வேண்டும் என்று அடம்பிடிப்பது

பிடுங்கிய குழியிலேயே ஸ்க்ரூ வைக்கலாம். அதற்குக் குழியின் சுவர்கள் முழுசாக இருக்க வேண்டும், சீழ் வடியக் கூடாது, வேர் நுனிக்கு அப்பால் 3, 4 மி.மீ. எலும்பு பிடிமானத்துக்குக் கிடைக்க வேண்டும். இது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் அகலம் தெரியாது.

வருஷக்கணக்கில் காலியாக விடுவது

முட்டுக் கொடுக்காத வாழை மாதிரி பின்னாலிருக்கும் பல் சாயும். எதிர்ப்பல் இறங்கிவரும். அப்புறம் எலும்பு இருந்தாலும் கேப் உட்கார இடமிருக்காது.

பதினெட்டு வயதுக்கு முன்

வேண்டாம். தாடை வளரும், ஸ்க்ரூ வளராது.

மாத்திரையைச் சொல்லாமல் விடுவது

எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ ஸோலெட்ரோனேட் ஊசியோ எடுப்பவர்கள் பல்லைப் பிடுங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து அதில் உண்டு. சுகருக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் முதலில் அதை இறக்குங்கள். இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வெற்றிலை, சீவல், புகையிலை

ஸ்க்ரூ வைத்த பக்கம் ஒதுக்காதீர்கள் என்றால் மறுபக்கம் ஒதுக்குகிறார்கள். புகையிலை எந்தக் கன்னத்தில் இருந்தாலும் ரத்தத்தில் கலக்கும்.

கேப்புக்கு அவசரப்படுவது

ஸ்க்ரூ மயிரிழை அசைந்தாலும் எலும்பு ஒட்டாது, சுற்றி நார்தான் வளரும். வைக்கும்போதே 35 நியூட்டன் சென்டிமீட்டர் (திருகும் விசையின் அளவு) அளவுக்கு இறுகினால் முன்பல்லில் தற்காலிகப் பல் பொருத்தலாம், அதுவும் எதிர்ப்பல் இடிக்காமல். கடைவாயில் கேப்புக்குப் பொதுவாகக் கீழே 2, 3 மாதம் காத்திருக்க வேண்டும், மேலே இன்னும் கொஞ்சம் கூடுதல். தீபாவளி முறுக்கை மறுபக்கமாகவே மெல்லுங்கள்.