பன்னிரண்டு பேர் வகுப்பு என்று கிளம்புவதற்கு முன்

போன சனிக்கிழமை கோவில்பட்டியிலிருந்து ஒரு தங்கை அழைத்தாள். உயிரியல் படிக்க ஆசை. அமெரிக்காவில் மூன்று சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளைக் குறித்து வைத்திருக்கிறாள். கலை, அறிவியல் இரண்டையும் பெரும்பாலும் இளநிலை மாணவர்களுக்கே சொல்லித்தரும் கல்லூரிகள் இவை. ஏன் இந்த மூன்று என்று கேட்டேன். "வகுப்புல பன்னெண்டு பேர்தானாம் அக்கா. ப்ரொஃபசருக்கு நம்ம பேரு தெரியுமாம்."

2009-இல் என் அப்பாவிடம் நானும் இதையேதான் சொன்னேன். காரணம் பொய்யில்லை. வில்லியம்ஸ் கல்லூரியின் டுடோரியலில் இரண்டே மாணவர்கள், ஒரு பேராசிரியர். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வருவார், மற்றவர் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார், மறுவாரம் மாறிக்கொள்வார்கள். ரீட் கல்லூரியில் எந்தத் துறையானாலும் ஆய்வேடு எழுதாமல் பட்டம் கிடையாது. இதற்காகப் போகிறவர்கள் சரியாகத்தான் போகிறார்கள்.

ஆனால் போவதற்கு முன் செய்யும் தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் இங்கே சொல்கிறேன். கடைசித் தேதியைத் தவறவிடாதே, விண்ணப்பக் கட்டுரையை நீயே எழுது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, விட்டுவிடுகிறேன்.

பாடப்பட்டியலை நம்புவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது. நான் சேர்ந்த கல்லூரியின் கணிதப் பட்டியலில் முப்பதுக்கும் மேல் பாடங்கள் இருந்தன. டோபாலஜி என்ற வரியைப் பார்த்ததும் அங்கேதான் போவது என்று முடிவு செய்தேன். அந்தக் குறிப்பின் கடைசியில், சாய்ந்த எழுத்தில், 'ஒன்றுவிட்டு ஒரு வருடம்' என்று இருந்தது. வாசித்தேன், மனதில் ஏறவில்லை.

இரண்டாம் வருடம் அந்தப் பாடம் நடந்தது. அதற்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடத்தை நான் முடிக்கவில்லை. மூன்றாம் வருடம் அது இல்லை. நான்காம் வருடம் நடத்த வேண்டியவர் ஆய்வு விடுப்பில் போய்விட்டார். துறையில் மொத்தம் நான்கு பேர். அவர் இடத்தை நிரப்ப ஆளில்லை. டிசம்பரில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தபோது என் மதிப்பெண் பட்டியலில் டோபாலஜி இல்லை. அதை வேறு இடத்தில் படித்துச் சேர்க்க ஒரு வருடமும் அப்பாவின் சேமிப்பில் பெரும்பங்கும் போயின.

ஆறு வருடம் பாடம் நடத்தினால் ஏழாவதில் விடுப்பு என்பது பழைய வழக்கம். வசதியான கல்லூரிகளில் அது இன்னும் அடிக்கடி வரும். நாற்பது பேர் உள்ள துறையில் ஒருவர் போனால் வெளியே தெரியாது. நான்கு பேரில் ஒருவர் போனால் பாடமே போகும்.

அதனால் பட்டியலை மூடிவைத்துவிட்டு, கல்லூரிப் பதிவாளரின் இணையப் பக்கத்தில் கடந்த நான்கு பருவங்களின் வகுப்பு அட்டவணையைத் தேடுங்கள். பல கல்லூரிகள் அதைத் திறந்தே வைத்திருக்கின்றன. உங்கள் துறையின் மேல்நிலைப் பாடங்களில் (அடிப்படைப் பாடங்களுக்கு அடுத்து எடுப்பவை) உண்மையாகவே நடந்தவற்றை டிக் அடியுங்கள். ஆசிரியர்களில் பெயருக்கு முன்னால் 'விசிட்டிங்' என்று இருப்பவர்களைக் கழித்துவிடுங்கள். பெரும்பாலும் ஓரிரு வருட ஒப்பந்தக்காரர்கள். நீங்கள் நம்பிப் போகிறவருக்கு, அடுத்த விடுப்பு எப்போது என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். சின்னக் கல்லூரி, பதில் வரும்.

பக்கத்துக் கல்லூரியையும் பாருங்கள். ஆமர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் மாணவர்கள் பேருந்து ஏறி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கலாம். கிளேர்மாண்டில் போமோனா, ஹார்வி மட் உட்பட ஐந்து கல்லூரிகள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. தனித்து நிற்கும் கல்லூரியில் இந்த வழி இல்லை.

கட்ட முடியாத தொகையை எழுதுவது

ஆமர்ஸ்ட், போடின் போன்ற மிகச் சில கல்லூரிகளே வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைக் கணக்கில் எடுக்காமல் இடம் கொடுக்கின்றன. மற்ற இடங்களில் நாம் எவ்வளவு உதவி கேட்கிறோம் என்பதும் முடிவில் சேரும். அதற்குப் பயந்து, 'வீட்டை அடமானம் வைத்தாவது கட்டிடலாம்' என்று, தங்களால் கட்ட முடிந்த தொகையை விண்ணப்பத்தில் கூட்டி எழுதும் பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன். முதலில் கேட்காத உதவியைச் சேர்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலான கல்லூரிகள் தருவதில்லை. இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு நிலம் விற்ற குடும்பம் எனக்குத் தெரியும்.

பொருளாதாரத்தின் குறியீட்டைக் கேட்காதது

படிப்பு முடிந்ததும், வெளிநாட்டு மாணவருக்கான ஓபிடி என்ற வேலை அனுமதியில் 12 மாதம் அமெரிக்காவில் வேலை பார்க்கலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டமென்றால் இன்னும் 24 மாதம். எது ஸ்டெம் என்பதை, கல்லூரி அந்தப் பட்டத்துக்குப் பதிவு செய்த அரசுக் குறியீட்டு எண் முடிவு செய்யும். 45.0601 என்று பதிவான பொருளாதாரத்துக்கு அந்த நீட்டிப்பு இல்லை, 45.0603-க்கு உண்டு. சேருமுன் கேளுங்கள்.

மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் இன்ஜினியரிங் அங்கே

சின்னக் கல்லூரியில் மூன்று வருடம் படித்துவிட்டு, இன்ஜினியரிங் உள்ள வேறொரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் முடிக்கும் ஏற்பாடு இது. முதல் இடத்தில் கிடைத்த உதவித்தொகை பெரும்பாலும் இரண்டாவது இடத்தில் தொடராது. அவ்வளவுதான்.

"ஆர்ட்ஸ் காலேஜா?" என்று கேட்பவர்களுக்குப் பயப்படுவது

ரீடில் இளநிலை மாணவர்களே அணு உலையை இயக்குகிறார்கள். சித்தப்பாவிடம் அதைச் சொல்லுங்கள்.

நேற்றிரவு கோவில்பட்டித் தங்கை நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். மூன்று கட்டம், பென்சிலில் டிக். முதல் கல்லூரியில் மேல்நிலை உயிரியல் பாடங்கள் பதினெட்டில் பதினைந்து நடந்திருக்கின்றன, இரண்டாவதில் பதினொன்று. மூன்றாவதில் ஐந்து. அந்தக் கல்லூரியின் பெயர்மேல் கோடு போட்டிருந்தாள்.