அச்சுக்குப் போகும் முன் படத்தைக் கூர்மையாக்குவது

கூர்மையாக்குவதை நான் எப்போதும் கடைசியில்தான் செய்கிறேன். முதலில் நிறம், வெளிச்சம் எல்லாம் சரிசெய்துவிட்டு, படத்தை அச்சிடும் அளவுக்கே மாற்றிவிடுங்கள். 8க்கு 10 அங்குலம் என்றால், அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 2400க்கு 3000 பிக்சல். அளவை மாற்றும்போது படத்தின் கூர்மையும் மாறிவிடும். அதனால்தான் இந்த வரிசை.

அப்புறம் படம் திருத்தும் மென்பொருளில் படத்தின் லேயரை, அதாவது அடுக்கை, நகலெடுத்து, அதில் அன்ஷார்ப் மாஸ்க் என்ற கூர்மையாக்கும் கருவி. ரேடியஸ் (விளிம்பைச் சுற்றி எவ்வளவு அகலத்துக்கு) 1 முதல் 1.5 பிக்சல் வரை, அமவுண்ட் (எவ்வளவு அழுத்தமாக) 120 சதவீத அளவில் தொடங்குவேன். பாட்டியின் முகத்தை அச்சிட்டபோது இமை முடிகளும் சால்வையின் இழைகளும் அழகாக எழுந்து வந்தன. கன்னத்திலோ மணல் தூவியது போல் புள்ளிகள். மனசே கேட்கவில்லை. அன்றிலிருந்து தோல், வானம் இரண்டிலும் கூர்மை விழாதபடி அந்த லேயரில் மாஸ்க் போட்டு மறைத்துவிடுகிறேன்.

திரையில் கூர்மை சற்று அதிகமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். தாளில் மை பரவும்போது அது தணிந்துவிடும். பளபளப்பில்லாத மேட் தாளில் மை கூடுதலாகப் பரவும், அதற்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். பளபளப்புத் தாளுக்குக் குறைவே போதும். படத்தைத் திரையில் 50 சதவீத அளவில் வைத்துப் பார்க்கும்போதே விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால் மட்டும் குறையுங்கள்.

சரி, முழுப் படத்தையும் அனுப்பும் முன், கண் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி அதே தாளில் அச்சிட்டு, மை காய்ந்த பிறகு கையில் பிடித்துப் பாருங்கள்.