இசட்/ஓஎஸ்ஸில் திறமூலக் கட்டளைவரிக் கருவிகளை நிறுவிப் பயன்படுத்துவது எப்படி

மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியில் கிட் (நிரல் பதிப்புகளைப் பேணுவது), பாஷ் (கட்டளைகளை ஏற்று இயக்கும் ஷெல்), கர்ல் (இணையத்திலிருந்து தரவை இறக்குவது) போன்ற திறமூலக் கருவிகள் கிடைக்குமா என்று கேட்பவர், அதில் ஓடும் இயங்குதளம் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஐபிஎம் இசட் வன்பொருளில் லினக்ஸ் ஓடுகிறதென்றால் தனி வழிகாட்டியே தேவையில்லை. ரெட் ஹேட், சூசே, உபுண்டு ஆகிய மூன்றும் அந்த வன்பொருளின் எஸ்390எக்ஸ் கட்டமைப்புக்கான பொதிகளை வெளியிடுவதால், மற்ற லினக்ஸ் சர்வர்களில் செய்வதைப் போலவே அங்கும் நிறுவிக்கொள்ளலாம். கவனம் தேவைப்படுவது ஐபிஎம்மின் மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில்தான்.

இசட்/ஓஎஸ்ஸுக்குள் யூனிக்ஸ் சிஸ்டம் சர்வீசஸ் என்ற பகுதி உண்டு. 1990களில் ஓப்பன் எடிஷன் என்ற பெயரில் அறிமுகமான இதைப் பலரும் யுஎஸ்எஸ் என்றே அழைக்கிறார்கள். இதன் பின் (/bin) அடைவில் ஷெல், கிரெப், செட், ஆக், பாக்ஸ் ஆகிய கட்டளைகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் அவை யூனிக்ஸ் முறைமைகளுக்கான போசிக்ஸ் தரத்தைப் பின்பற்றி எழுதப்பட்டவை. லினக்ஸில் வழங்கும் ஜிஎன்யு பதிப்புகளின் நீண்ட பெயர் கொண்ட தெரிவுகளை நம்பி லினக்ஸில் எழுதிய ஸ்கிரிப்ட் இங்கே முதல் சில வரிகளிலேயே நின்றுவிடக்கூடும்.

நிறுவத் தொடங்குமுன் சில ஏற்பாடுகள் தேவை. உங்கள் பயனர் கணக்குக்கு ராக்ஃப் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பதிவில், யுஎஸ்எஸ்ஸுக்கான ஓஎம்விஎஸ் செக்மென்ட் இருக்க வேண்டும்; அதில் யுஐடி என்ற பயனர் எண், ஹோம் அடைவு, தொடக்க ஷெல் ஆகியவை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இசட்/ஓஎஸ்ஸின் மரபான ஊடாடும் சூழலான டிஎஸ்ஓ வழியாக ஓஎம்விஎஸ் கட்டளை கொடுத்து நுழைவதைத் தவிர்த்து, எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழையுங்கள். டிஎஸ்ஓ பயன்படுத்தும் 3270 முனையத் திரையில் விஐ உரைத்திருத்தி போன்ற முழுத்திரைக் கருவிகள் இயங்கா. கருவிகளுக்கென்று தனி இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை ஒன்றை ஒதுக்கி மவுன்ட் செய்யுமாறு சிஸ்டம் புரோகிராமரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. 64 பிட் நிரல்களுக்கு மெம்லிமிட் என்ற நினைவக வரம்பு போதாவிட்டால், நினைவகப் பற்றாக்குறை பற்றிப் புரியாத பிழைச்செய்திகள் வரும் என்பதால் அதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

கருவிகளைப் பெற இன்று முக்கியமாக மூன்று இடங்கள் உள்ளன. ராக்கெட் சாஃப்ட்வேர் நிறுவனம் பாஷ், கிட், கர்ல் போன்றவற்றை நெடுங்காலமாக இசட்/ஓஎஸ்ஸுக்கு மாற்றியமைத்து வழங்கிவருகிறது. ஐபிஎம் நிறுவனம் பைத்தான், நோட், கோ ஆகியவற்றின் இசட்/ஓஎஸ் பதிப்புகளோடு, ஓப்பன் என்டர்பிரைஸ் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் அடிப்படைக் கருவிகளின் தொகுப்பையும் தருகிறது. மூன்றாவது, கிட்ஹப்பில் இயங்கும் இசட்-ஓப்பன் சமூகம். மூன்றிலும் இதன் பட்டியலே நீளமானது, புதிய பதிப்புகளும் இங்கே விரைவாக வருகின்றன. என் கருத்தில், நிரலாளர்களின் சோதனைச் சூழலுக்கு இசட்-ஓப்பனே பொருத்தமானது. தணிக்கையாளர் கேள்வி கேட்கும் உற்பத்திச் சூழலில், பழுது நேர்ந்தால் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் ஆதரவு ஒப்பந்தத்தோடு வரும் தொகுப்பையே நாட வேண்டும். ஓப்பன் எஸ்எஸ்ஹெச்சை மட்டும் தேட வேண்டியதில்லை, இசட்/ஓஎஸ் 2.2 பதிப்பிலிருந்து அது இயங்குதளத்தோடே வருகிறது.

இசட்-ஓப்பனைத் தேர்ந்தெடுத்தால், முதலில் மெட்டா என்ற தொகுப்பின் பாக்ஸ் வடிவக் காப்பகக் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். பல நிறுவனங்களில் மெயின்ஃபிரேமிலிருந்து வெளி இணையத்துக்கு வழி இராது என்பதால், உங்கள் மேசைக்கணினியில் இறக்கி, எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்றக் கருவி வழியாக அனுப்புங்கள். இங்கே அதைப் போன்ற மற்றொரு கருவியான எஸ்சிபியை நம்பக் கூடாது. இசட்/ஓஎஸ்ஸின் எஸ்சிபி எல்லாக் கோப்புகளையும் உரை என்றே கருதி எழுத்துக்குறிகளை மாற்றிவிடுவதால் பாக்ஸ் கோப்பு பாழாகிவிடும். எஸ்எஃப்டிபியோ இயல்பாகவே பைனரியாக அனுப்புகிறது. கோப்பை விரித்து, அதிலுள்ள சூழல் கோப்பை ஷெல்லில் ஏற்றிய பின் இசட்-ஓப்பன் இனிட் கட்டளையைக் கொடுத்தால், கருவிகளுக்கான தலைமை அடைவு எது என்று கேட்கும். ஒதுக்கிவைத்த இசட்எஃப்எஸ்ஸின் பாதையைக் கொடுங்கள். அது உருவாக்கித் தரும் கான்ஃபிக் கோப்பை ஏற்றிவிட்டால், அதன் பிறகு இசட்-ஓப்பன் இன்ஸ்டால் என்பதோடு கருவியின் பெயரைச் சேர்த்தாலே போதும். சார்ந்த பொதிகளையும் அது சேர்த்தே கொண்டுவரும்.

நிறுவுவது எளிது, அதற்குப் பின் வரும் எழுத்துக்குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் முறைதான் பொறுமையைச் சோதிக்கும். திறமூலக் கருவிகள் பெரும்பாலும் ஆஸ்கி, யுடிஎஃப்-8 ஆகியவற்றை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. இசட்/ஓஎஸ்ஸின் மரபு எப்சிடிக் என்ற வேறொரு குறியாக்கம். யுஎஸ்எஸ்ஸில் வழங்குவது அதன் வகைகளில் ஒன்றான ஐபிஎம்-1047 குறிப்பக்கம் (code page). பெரிய ஏ எழுத்து ஆஸ்கியில் பதினாறடிமான 41. எப்சிடிக்கில் அது சி1. இந்த இடைவெளியை நிரப்ப ஒவ்வொரு கோப்புக்கும் அதன் குறியாக்கத்தைச் சொல்லும் ஒரு டேக் இடப்படுகிறது. அடிக்கோட்டில் தொடங்கும் பிபிஎக்ஸ்கே_ஆட்டோசிவிடி என்ற சூழல் மாறிக்கு ஆன் என்று மதிப்புக் கொடுத்திருந்தால், டேக் உள்ள கோப்பைப் படிக்கும்போது இயங்குதளமே 819 (ஆஸ்கி வகை), 1047 (எப்சிடிக் வகை) ஆகிய இரண்டுக்கும் இடையே மாற்றித் தரும். டேக் இல்லாத கோப்பை அது தொடாது. திரையில் குப்பை எழுத்துகள் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எல்எஸ் கட்டளையைப் பெரிய டி தெரிவோடு கொடுத்தால் டேக் தெரியும். சிஹெச்டேக் கட்டளையால் அதை மாற்றலாம். சிஹெச்டேக் பெயர்ச்சீட்டை மட்டுமே மாற்றும், உள்ளிருக்கும் பைட்டுகளை மாற்றாது. அவற்றை மாற்ற ஐகான்வ் கட்டளை வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் சிக்கல்களே இத்துறையில் மிகுதி.

சதுர அடைப்புக்குறிகளைப் பற்றியும் ஒரு சொல். 3270 எமுலேட்டர் எப்சிடிக்கின் 037 குறிப்பக்கத்தில் அமைந்திருக்க, கோப்பு 1047 குறிப்பக்கத்தில் இருந்தால், இடது சதுர அடைப்புக்குறி ஒன்றில் பிஏ, மற்றதில் ஏடி என்று வேறுபடும். 3270 திரையில் இயங்கும் ஐஎஸ்பிஎஃப் திருத்தியில் சரியாகத் தோன்றும் ஸ்கிரிப்ட், ஷெல்லில் இலக்கணப் பிழை காட்டுவதற்கு இது வழக்கமான காரணம்.

கிட்டைப் பயன்படுத்துவோர் களஞ்சியத்தில் கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பை முதல் கமிட்டிலேயே வைத்துவிட வேண்டும். களஞ்சியத்துக்குள் யுடிஎஃப்-8, இசட்/ஓஎஸ் வேலை அடைவில் ஐபிஎம்-1047 என்று கோப்பு வகைவாரியாக அதில் எழுதிவிட்டால், கிட்டே மாற்றி, டேக்கும் இட்டுவிடும். பழைய கோபால் (COBOL) மொழி நிரல்களைக் கொண்டுவரும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றின் எழுத்துச்சரங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத பைட்டுகள் பொதிந்திருப்பதுண்டு. பதினாறடிமான 15 போன்ற வரிமுறிவுக் குறி ஒன்று நடுவில் இருந்தால், மாற்றத்தின்போது ஒரு வரி இரண்டாக உடையும். அத்தகைய நிரல்களை முன்கூட்டியே தேடித் திருத்துவது, அல்லது பைனரியாகக் குறித்துவிடுவது பாதுகாப்பானது.

புதிய கருவிகளைத் தேடுபாதையில் /bin அடைவுக்கு முன்னால் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பகிர்வுச் சூழலில் அதைச் செய்யாதீர்கள். /bin அடைவிலுள்ள, கோப்பை நகலெடுக்கும் சிபி கட்டளைக்கு, இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் மேற்கோள்குறிக்குள் எழுதப்படும் டேட்டாசெட் (இசட்/ஓஎஸ்ஸின் மரபான கோப்பு) பெயர் புரியும். ஜிஎன்யு மூலநிரலில் அப்படியொரு வழக்கமே இல்லை. பெயர் ஒன்றாக இருக்கும் கருவிகளைப் பின்னால் வைத்து, தேவைப்படும் ஸ்கிரிப்டில் மட்டும் முழுப் பாதையைக் கொடுங்கள். அதேபோல், ஓஎம்விஎஸ் செக்மென்ட்டில் தொடக்க ஷெல்லாக பாஷை எழுதிவிடாதீர்கள். கருவிகளின் கோப்பு முறைமை மவுன்ட் ஆகாத நாளில் உள்ளே நுழையவே முடியாமல் போகும். பாஷ் இருக்கிறதா என்று புரொஃபைல் கோப்பில் சோதித்து, ஊடாடும் அமர்வில் மட்டும் அதற்கு மாறிக்கொள்வதே முறை. சூழல் மாறிகளையும் அங்கேயே வையுங்கள். பிபிஎக்ஸ்பேட்ச் என்ற நிரல் வழியாக, ஜேசிஎல் என்ற தொகுதிவேலை மொழியிலிருந்து ஷெல்லை அழைக்கும்போது புரொஃபைல் படிக்கப்படும், பாஷின் சொந்தத் தொடக்கக் கோப்பான பாஷ்-ஆர்சி படிக்கப்படாது.

வேண்டிய கருவி எந்தப் பட்டியலிலும் இல்லையென்றால், கிளாங் அடிப்படையிலான ஓப்பன் எக்ஸ்எல் தொகுப்பியையும், இசட்-ஓப்பனின் பில்டு கட்டளையையும் கொண்டு நீங்களே கட்டிப்பார்க்கலாம். எழுத்துகள் தொடர்ச்சியான எண்களில் அமையும் என்று மூலநிரல் கருதியிருந்தால், எப்சிடிக்கில் சிறிய ஐ எழுத்துக்கும் ஜே எழுத்துக்கும் நடுவே எண் இடைவெளி இருப்பதால், நிரலை ஆஸ்கி முறையில் தொகுப்பதே தலைவலியைக் குறைக்கும். அதுவும் கைகூடாதபோது, 2.4 பதிப்பில் வந்த கண்டெய்னர் எக்ஸ்டென்ஷன்ஸ் வசதியில் லினக்ஸ் கண்டெய்னராக அதை ஓட்டலாம். ஆனால் அங்கே ஓடும் கருவி டேட்டாசெட்டை நேரடியாகத் திறக்க இயலாது, வலைப்பின்னல் வழியாகவே தரவைப் பெற வேண்டியிருக்கும்.