மெய்ப்புப் பார்ப்பது எப்படி: புத்தகம் அச்சுக்குப் போகும் முன்

பக்க வடிவமைப்பு முடிந்து முதல் மெய்ப்பு, அதாவது பிழை பார்ப்பதற்கான மாதிரிப் படி, வந்ததும் அதைக் கணினித் திரையில் பார்க்க உட்காராதீர்கள். ஏ4 தாளின் ஒரு புறத்தில் மட்டும் அச்செடுத்துத் தரக் கேளுங்கள். எழுதியவருக்கு அடுத்த சொல் என்னவென்று முன்பே தெரியும் என்பதால் கண் தாவிவிடும். வரிக்குக் கீழே அளவுகோலை வைத்து நகர்த்துங்கள். முடிந்தால் ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பைப் பார்க்கட்டும். ஓர் அமர்வுக்கு இருபது பக்கம் போதும். அதற்கு மேல் கண் பார்க்கும், மனம் பார்க்காது.

முதல் மெய்ப்பில் எழுத்தை மட்டும் பாருங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறினால் ‘கேட்டான்’ ‘கெட்டான்’ ஆகிவிடும். இரண்டும் சரியான சொற்கள்தான் என்பதால் எந்தச் சொல்திருத்தியும் இதைக் காட்டிக் கொடுக்காது. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்திருந்தால் பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது: ‘பார்த்தான்’, ‘பரர்த்தான்’. ‘கௌரவம்’ என்பதில் ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பதும் அப்படியே. தாளில் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆனால் மின்னூலில் தேடினால் சொல் அகப்படாது. இந்த இரண்டை மட்டும் கணினிக் கோப்பில் தேடித் திருத்தச் சொல்லுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பா? அப்படியானால் ஆங்கிலச் சொற்களையும் மேற்கோள் குறிகளையும் தனியாகச் சரிபாருங்கள். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்தவை. மாற்றும்போது உண்மையான ஆங்கிலமும் தமிழாகிச் சிதைந்துவிடும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் தட்டச்சுக்காரர் மேல் பழி போடாதீர்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற அமைப்பு தேர்வு செய்யப்படாதபோது அப்படித்தான் வரும்.

ஒற்றுப்பிழையைத் தனிச் சுற்றாகப் பார்ப்பது நல்லது. ‘வேலையைச் செய்தான்’ என்பதில் ஒற்று மிகும், ‘வேலை செய்தான்’ என்பதில் மிகாது. ‘எடுத்துச் சென்றான்’ சரி. ‘வந்துச் சென்றான்’ தவறு. எங்கும் ஒற்றைப் போட்டுவிடுவதும் பிழைதான். கூடவே ஒரு தாளில் உங்கள் வழக்குகளை எழுதி வையுங்கள்: ஓட்டலா ஹோட்டலா, ‘வந்துகொண்டிருந்தான்’ சேர்த்தா பிரித்தா. எதைத் தேர்ந்தாலும் சரி, கடைசிப் பக்கம்வரை அதுவே இருக்கட்டும்.

திருத்தத்தை வரிக்குள் நெருக்கி எழுதாமல் ஓரத்தில் எழுதுங்கள். இரண்டாம் மெய்ப்பு வந்ததும் முதல் மெய்ப்பை அருகில் வைத்து ஒவ்வொரு குறியும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். திருத்திய வரியோடு நிறுத்தாமல் அந்தப் பத்தி முழுவதையும் படிக்க வேண்டும். ஒரு சொல் கூடினால் வரிகள் நகரும். புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வந்து நிற்கும். மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது.

இந்தக் கட்டத்தில் புதிதாக எழுதும் ஆசையை அடக்கத்தான் வேண்டும். ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதிக்கு ஃபாரம் என்று பெயர். டெமி அளவுப் புத்தகத்துக்கு ஒரு ஃபாரம் 16 பக்கம். 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து ஃபாரம். நீங்கள் சேர்த்த இரண்டு பத்தியால் அது 163 ஆனால், அச்சகம் அரை ஃபாரம் ஓட்ட ஒப்புக்கொண்டால் 168, இல்லாவிட்டால் 176; மீதி வெற்றுத்தாள், அதற்கும் காசு. ஓரிரு சொல் மட்டும் தொங்கும் பத்திக் கடைசி வரிகளைத் தேடி, அந்தப் பத்திகளில் ஒரு சொல்லைக் குறைத்தால் மூன்று பக்கத்தை மீட்டுவிடலாம்.

பக்க எண்ணிக்கை உறுதியான பிறகே பொருளடக்கத்தில் எண்களைப் போடுங்கள். அட்டையின் முதுகு அகலமும் அதற்குப் பின்தான். எந்தத் தாள் என்று சொல்லி அகலத்தை அச்சகத்திடமே கேட்டு வாங்குங்கள். பெரிய எழுத்துகளை யாரும் மெய்ப்புப் பார்ப்பதில்லை, அதனால்தான் பிழை அங்கே தங்கிவிடுகிறது. அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம் நான்கிலும் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னின் 13 இலக்கங்களைப் பின்னட்டைப் பட்டைக்குறியோடு விரல் வைத்துச் சரிபாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் கடைசிப் பிரதியின் முதல் பக்கத்தில் ‘அச்சுக்கு’ என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, அதன் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பு அச்சுக்குப் போனது என்ற கேள்வி எழும்போது அது வேண்டியிருக்கும்.