வெளிநாட்டுக் குழந்தைக்கு ஊக்கம் தரும் கடிதம் எழுதுவது எப்படி? படிப்படியாக

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோ மகளோ ஒரு தொண்டு நிறுவனம் மூலமாக எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் படிப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுவார்கள். கடிதம் எழுதத்தான் நேரம் இருக்காது. "அம்மா, நீங்களே எழுதிடுங்களேன்" என்று அந்த வேலை ஊரில் இருக்கும் நம் கைக்கு வந்துவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மகள் மெல்போர்னில் இருக்கிறாள். அவள் உதவும் பையன் கென்யாவில், கெரிச்சோ பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியில் படிக்கிறான். எழுதுவது கோத்தகிரியில் இருக்கும் நான். குன்னூரிலும் கூடலூரிலும் எனக்குத் தெரிந்த சில வீடுகளில் இதே ஏற்பாடு இருக்கிறது. அவர்கள் அடிக்கடி கேட்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பையனின் பெயரை எங்கும் சொல்லப்போவதில்லை. காரணம் கீழே வரும்.

முதலில் உங்கள் பெயரைச் சேருங்கள்

கணக்கு பணம் கட்டுகிறவர் பெயரில் இருக்கும். கடிதம் எழுதப்போவது நீங்கள் என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே குழந்தைக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் அடையாள எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தாளின் மேல் ஓரத்திலும் அந்த எண் இருக்க வேண்டும். தாள்கள் பிரிந்துபோனாலும் எண் இருந்தால் போய்ச் சேர்ந்துவிடும்.

தாள், பேனா

கையால் எழுதுங்கள். இணையத்தில் தட்டச்சு செய்யும் வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன, அது வேகமும்கூட. ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து தனக்காக எழுதியிருக்கிறார் என்பது கையெழுத்தைப் பார்த்ததும் குழந்தைக்குத் தெரிந்துவிடும். பால்பாயின்ட் பேனாதான் சரி. ஜூன், ஜூலை மாதங்களில் நம் மலையில் தாளே நமுத்துப்போய்க் கிடக்கும், ஜெல் பேனா மை ஊறிப் பரவிவிடும். நான் தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறேன். கூட்டெழுத்து வேண்டாம். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாக எழுதினால் அங்கே மொழிபெயர்ப்பவருக்கும் சுலபம், ஆங்கிலம் படிக்கப் பழகும் குழந்தைக்கும் சுலபம்.

எழுதக் கூடாதவை

வீட்டு முகவரி, தொலைபேசி எண், குடும்பப் பெயர், முகநூல் கணக்கு எதுவும் கூடாது. "ஒருநாள் வந்து பார்க்கிறேன்", "சைக்கிள் வாங்கித் தருகிறேன்" போன்ற வாக்குறுதிகளும் கூடாது. எல்லாக் கடிதங்களையும் நிறுவன ஊழியர்கள் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். குழந்தையின் பெயர், பள்ளி, ஊர், படம் மூன்றும் நான்கும் ஒன்றாக வெளியே போனால் யாரும் தேடிப் பிடித்துவிடலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.

அந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

கெரிச்சோ சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி சுமார் 1,800. இங்கேயும் தேயிலை, அங்கேயும் தேயிலை. ஆனால் அந்த ஊர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. அதனால் வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவு. பெருமழை மார்ச் முதல் மே வரை. ஆலங்கட்டி மழைக்குப் பேர்போன பகுதி அது, தேயிலைச் செடிகளையே அடித்துப் போட்டுவிடும். பள்ளி ஜனவரியில் திறந்து, மூன்று பருவமாக நடந்து, அக்டோபர், நவம்பர் வாக்கில் வருட இறுதிக்கு வரும். நம் கணக்கில் ஜூன் மாதம் "புது வகுப்பு எப்படி இருக்கிறது?" என்று எழுதினால் அவன் பாதி வருடத்தைத் தாண்டியிருப்பான். கடிதம் போய்ச் சேரவே வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்களும் ஆகும். ஆண்டு இறுதிப் பரீட்சைக்கு வாழ்த்து சொல்ல வேண்டுமென்றால் ஜூலையிலேயே எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஊக்கம்: அவசரப்படக் கூடாத இடம்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். ஊக்கம் என்றால் நம் கை தானாக எழுதுவது இதைத்தான்: "நன்றாகப் படி. பெரியவர்கள் சொல்வதைக் கேள். டாக்டராகி ஊருக்குப் பேர் வாங்கித் தா." நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வரிகள். இவற்றில் கெட்டது ஒன்றும் இல்லை. ஆனால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அந்தக் குழந்தையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அதோடு டாக்டராக முடியாமல் போனால் முகம் தெரியாத ஒரு பாட்டியின் பணத்தை வீணாக்கிவிட்டோமே என்ற பாரத்தையும் அதன் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

இப்படிச் செய்து பாருங்கள். குழந்தையிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தை எடுத்து மேசை மேல் விரியுங்கள். ஒரு பென்சிலால், குழந்தை தானாகச் செய்த காரியம் எதெல்லாம் அதில் இருக்கிறதோ அதையெல்லாம் வட்டமிடுங்கள். தம்பியைப் பள்ளிக்கு அழைத்துப் போனது, கோழிக்குத் தீனி வைத்தது, படத்தில் வேலிக்கம்பிகூட விடாமல் வரைந்தது எதுவானாலும் சரி. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, நீங்கள் அதில் என்ன பார்த்தீர்கள், அது உங்களுக்கு ஏன் பிடித்தது என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். ஊக்கம் அவ்வளவுதான். நாம் செய்ததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதே பிள்ளைகளுக்குப் பெரிய தெம்பு.

ஒரு முறை அவன் ஆலங்கட்டி மழையை வரைந்து அனுப்பியிருந்தான். ஒரு தகரக் கூரை, அதற்கு மேலே முழுக்க நீல வட்டங்கள். வட்டங்களைப் பென்சிலை அழுத்தி ஒவ்வொன்றாகப் போட்டிருந்ததால் தாளின் பின்பக்கம் தடவினால் கைக்குத் தட்டுப்பட்டது. ஓரத்தில், கூரைக்குக் கீழே ஒரு ஆடு. அதற்கு நான் எழுதிய பதிலைக் கீழே தருகிறேன்:

"அன்புள்ள கண்ணா, உன் மழைப் படம் வந்தது. ஆலங்கட்டிகளை அவசரப்படாமல் ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறாய். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், எல்லாம் என் விரலுக்குத் தெரிந்தன. ஆட்டைக் கூரைக்குக் கீழே நிறுத்தியிருக்கிறாய், அது நனையவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் மலையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். காலையில் புல் வெள்ளையாக இருக்கும். தேயிலைக் கொழுந்து கருகிவிடும். பெருக்கல் கணக்கு கஷ்டம் என்று எழுதியிருந்தாய். கஷ்டமாக இருந்தும் தினமும் போட்டுப் பார்க்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அக்காவுக்கும் போனில் படித்துக் காட்டினேன். ஆலங்கட்டி விழும்போது தகரக் கூரையில் எப்படிச் சத்தம் கேட்கும்? எனக்கு எழுது. அன்புடன், கோத்தகிரி பாட்டி."

அக்கா என்றது என் மகளை. பார்த்தீர்களா, "நன்றாகப் படி" என்று இதில் எங்கும் இல்லை.

கடிதத்தால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 1937-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற பத்திரிகையாளர் தொடங்கியதுதான் இன்று பிளான் இன்டர்நேஷனல் என்ற பெரிய அமைப்பு. போரில் தவித்த ஒவ்வொரு குழந்தைக்கும் எங்கோ இருக்கும் ஒரு ஆளோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பதே அப்போதைய யோசனை. வைடிக், கிளெவ்வி, ரட்லெட்ஜ் என்ற மூன்று பொருளியலாளர்கள் இந்தியா, கென்யா உட்பட 6 நாடுகளில் வேறொரு அமைப்பின் இதே போன்ற திட்டத்தை ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உதவி பெற்ற குழந்தைகள் சராசரியாக 1.03 முதல் 1.46 ஆண்டுகள் வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். பணம், சீருடை, மருத்துவம், கடிதம் எல்லாம் சேர்ந்த பலன் அது; கடிதத்தின் பங்கைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மற்றதெல்லாம் அலுவலகம் மூலமாக நடந்துவிடும். கடிதம் நாம் எழுதினால்தான் உண்டு.

ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி

ஐந்தாறு கேள்வி கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது. கண்ணால் பார்த்து, காதால் கேட்டுச் சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். அப்பா என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர், ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்பவை நமக்குச் சாதாரண விசாரிப்பு. அங்கே சில குழந்தைகளுக்கு அது வலிக்கிற இடமாக இருக்கலாம். அவர்களாகச் சொன்னால் மட்டும் தொடருங்கள்.

ஆங்கிலத்துக்கு மாற்றுவது

நான் முதலில் தமிழில் எழுதிவிட்டு, பிறகுதான் ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன். அங்கே அது ஸ்வாஹிலிக்குப் போகும். இரண்டு கை மாறுவதால் வரிகள் குட்டையாக இருக்கட்டும். பழமொழி வேண்டாம்.

படமும் இலையும்

உறைக்குள் நிஜ இலை, பூ, விதை எதையும் வைக்காதீர்கள், தாவரப் பொருள்களுக்கு எல்லையில் தடை உண்டு. அதற்குப் பதில் இலையின் அச்சை எடுத்து அனுப்பலாம். முற்றிய தேயிலை இலை ஒன்றை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, பச்சை கிரேயானைப் படுக்கவைத்து மெதுவாகத் தேயுங்கள். நடுநரம்பும் ஓரத்துப் பற்களும் அப்படியே வந்துவிடும். கொழுந்து வேண்டாம், நசுங்கிவிடும். பெரணி இலை என்றால் இன்னும் அழகாக விழும்.

புகைப்படம் வைப்பதென்றால் கார், நகை, புது வீடு எதுவும் பின்னால் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேத்தி பாலாடாவில் வயலிலிருந்து பிடுங்கிய கேரட்டை மண்ணோடு கையில் பிடித்திருக்கும் படம் ஒன்றை அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் இதுவரை வந்தவற்றிலேயே நீளமானது.

அனுப்புவது

தபாலில் அனுப்புவதைவிட ஸ்கேன் செய்து நிறுவனத்தின் தளத்தில் ஏற்றுவது மேல். போன் கேமரா போதும். பிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது எடுங்கள். மஞ்சு மூடிய நாளில் எடுத்தால் தாள் சாம்பல் நிறமாகி, பென்சில் கோடுகள் காணாமல் போய்விடும்.

பிறகு சேர்த்தது

கொடைக்கானலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "பதில் எப்போதும் 'நான் நலம், நீங்கள் நலமா' என்றே வருகிறது. பிள்ளைக்கு ஆர்வமில்லையோ?" அப்படி நினைக்காதீர்கள். சின்னக் குழந்தை சொல்லச் சொல்ல ஊழியர் எழுதியதாக இருக்கலாம். முன்பின் தெரியாதவருக்கு என்ன எழுதுவது என்று பெரியவர்களுக்கே தெரியாது. அடுத்த முறை பாதிப் படம் வரைந்து அனுப்புங்கள்: ஒரு மலை, ஒரு பாதை, மீதி வெற்றிடம். "இந்தப் பாதையில் யார் வருகிறார்கள்? வரைந்து அனுப்பு" என்று எழுதுங்கள். அவர் அப்படியே செய்தார், பாதை நிறைய மாடுகளோடு பதில் வந்தது.

தேயிலைத்தூள், வர்க்கி அனுப்பலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். முடியாது. பொதுவாகத் தட்டையான காகிதப் பொருள்களை மட்டுமே ஏற்பார்கள். ஸ்டிக்கர், புத்தக அடையாள அட்டை, மலை ரயில் படம் போட்ட தபால் அட்டை எல்லாம் போகும்.

இன்னொரு வாசகி, பையன் திட்டத்திலிருந்து விலகிவிட்டான் என்று கடிதம் வந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டிருந்தார். குடும்பம் வேறு ஊருக்குப் போனாலோ, படிப்பு முடிந்தாலோ இப்படி நடக்கும். பெரும்பாலும் ஒரு கடைசிக் கடிதத்துக்கு அனுமதி உண்டு, ஆனால் அதற்குக் கெடு குறுகியது. அன்றைக்கே மின்னஞ்சல் போட்டு, எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். அதில் புதிதாக எதுவும் சொல்ல வேண்டாம். இத்தனை காலம் அந்தப் பிள்ளை எழுதியதிலிருந்து உங்களுக்கு நினைவிருக்கும் விஷயங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள், ஆட்டின் பெயர் உட்பட. கேள்வி மட்டும் கேட்காதீர்கள், அதற்குப் பதில் எழுத அவனுக்கு வழி இருக்காது.