வீட்டில் மைனிங்: தீ எங்கே பிடிக்கும், எப்படித் தடுப்பது

ஒரு இஸ்திரிப் பெட்டியும், ஆறு கிராபிக்ஸ் கார்டு போட்ட மைனிங் ரிக்கும் (கிரிப்டோ நாணயம் ஈட்ட இராப்பகலாக ஓடும் கணினி, சுருக்கமாக மைனர்) ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம்தான் இழுக்கின்றன, 1000 வாட் வாக்கில். ஆனால் இஸ்திரிப் பெட்டி அரை மணி நேரத்தில் வேலை முடிந்து ஆறிவிடும். அந்த அரை மணியிலும் அதன் தெர்மோஸ்டாட் விட்டு விட்டுத்தான் ஓடவிடும். ரிக் ஆறுவதே இல்லை. வயரிங்கில் சுமாராக இருக்கும் ஒரு இணைப்பு இஸ்திரிப் பெட்டிக்குப் பத்து வருடம் தாங்கலாம். மைனருக்குப் பத்து நாள் தாங்குமா என்பது சந்தேகம்தான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சிப்பின் சூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிப் எல்லை மீறினால் மைனரே நின்றுவிடும். பார்க்க வேண்டியது இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களை: பிளக் முள், சாக்கெட், திருகு, கனெக்டர். 14 ஆம்பியர் ஓடும் ஒரு லூஸ் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால் 14 × 14 × 0.1, அதாவது 19.6 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் இறங்கும். 25 வாட் சால்டரிங் அயர்னைச் சாக்கெட்டுக்குள் செருகி வைத்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு. எம்.சி.பி.க்கு, அதாவது மின்னோட்டம் மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்சுக்கு, இது தெரியவே தெரியாது. அதன் வழியாக ஓடுவது அதே 14 ஆம்பியர்தானே!

வேலை தொடங்குமுன் ஒரு கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளப்பது), ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் (தொடாமலே சூட்டை அளப்பது), ஒரு சுருள் கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சுவரில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள்

மைனிங் மென்பொருள் காட்டும் வாட் கணக்கை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது கார்டுகள் எடுப்பதை மட்டுமே காட்டுகிறது. 130 வாட் வீதம் ஆறு கார்டுக்கு 780 வாட். மதர்போர்டு, பிராசசர், ஃபேன்களுக்கு 70 வாட். மொத்தம் 850. பவர் சப்ளையின் திறன் 90 சதவீதம் என்றால் சுவரிலிருந்து வருவது சுமார் 945 வாட். 230 வோல்ட்டில் அது 4.1 ஆம்பியர், 120 வோல்ட்டில் 7.9 ஆம்பியர்.

பிட்காயினுக்கான ஏசிக் மைனர் (அந்த ஒரு வேலைக்கென்றே செய்த சிப்கள் கொண்டது) வேறு ரகம். ஆன்ட்மைனர் எஸ்19 ஒன்றே 3250 வாட் இழுக்கும், 230 வோல்ட்டில் 14.1 ஆம்பியர். 120 வோல்ட்டில் அது ஓடாது. பழைய எஸ்9-க்கான பவர் சப்ளையும் 110 வோல்ட்டில் 1200 வாட்தான் தரும், 220 வோல்ட்டில்தான் 1600.

படி 2: தனி லைன் இழுங்கள்

இடைவிடாத சுமைக்கு எலக்ட்ரீஷியன்கள் பலர் வைத்திருக்கும் கணக்கு 80 சதவீதம். 16 ஆம்பியர் லைனில் 12.8-க்கு மேல் போகக் கூடாது. 15 ஆம்பியர் லைனில் 12. 20 ஆம்பியர் லைனில் 16. ஆக, எஸ்19-இன் 14.1 ஆம்பியருக்கு 16 ஆம்பியர் லைன் போதாது. 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் வேண்டும். அந்த லைனில் வேறு எதுவும் இருக்கக் கூடாது, ஒரு விளக்குகூட.

"அதிகமானால் எம்.சி.பி. விழுந்துவிடும்" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வீட்டு எம்.சி.பி.க்கான ஐ.இ.சி. 60898 தரம் சொல்வது வேறு. 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் சுமந்தாலும் விழக் கூடாது. 23 ஆம்பியரில் விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை சூடாவது சுவருக்குள் இருக்கும் உங்கள் வயர். அடிக்கடி விழுகிறதே என்று பழைய வயரை அப்படியே விட்டு எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக மாற்றுவதுதான் இந்தத் தொழிலில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். அப்படி மாற்றித் தரும் எலக்ட்ரீஷியனை மறுமுறை கூப்பிடாதீர்கள்.

மின்கசிவைக் கண்டால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும். மின்கசிவால் வரும் தீயை ஓரளவு தடுக்கும். லூஸ் இணைப்பின் சூட்டை அதுவும் பார்க்காது. வீட்டில் அலுமினிய வயர் என்றால் லைனை முழுதாகச் செம்புக்கு மாற்றாமல் மைனரை மாட்டாதீர்கள்.

படி 3: சாக்கெட், பிளக், எக்ஸ்டென்ஷன்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம் என்பதே முதல் விதி. உள்ளே மெல்லிய பித்தளைப் பட்டையும், நாளடைவில் தளரும் பிடிப்பும்தான் இருக்கும். சுருட்டிய கேபிள் இன்னும் மோசம்: சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகும்.

எஸ்19-க்கு இரண்டு பவர் கார்டு உண்டு. ஒவ்வொன்றிலும் 7 ஆம்பியர், மைனரில் செருகும் அதன் சி13 முனைக்கு உரிய 10 ஆம்பியருக்குள் அடங்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகி அதன் ஒற்றைப் பிளக்கைச் சுவரில் மாட்டும்போது. அந்தப் பிளக்கில் இராப்பகலாக 14 ஆம்பியர். மின்னோட்டம் இரட்டிப்பானால் இணைப்பின் சூடு நான்கு மடங்கு. இரண்டு தனிச் சாக்கெட் வைக்கலாம். அதைவிட நல்லது சர்வர் அறைகளில் பயன்படுத்தும், சி13 துளைகளும் போதிய ஆம்பியர் தரமும் உள்ள மின்பகிர்வுப் பட்டை. பழைய மானிட்டரோடு வந்த ஒல்லிக் கார்டுகளை எடுத்து மாட்ட வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் கார்டு கேட்டு வாங்குங்கள்.

சாக்கெட்டுக்குள் பல இழை வயர் போகிறது என்றால் இழைகளை வெறுமனே முறுக்கித் திருகின் கீழ் வைக்கக் கூடாது. முனையில் ஃபெரூல் அல்லது லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக முனை) போட்டு, கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். பிளக் கையோடு எளிதாகக் கழன்று வந்தால் அந்தச் சாக்கெட்டின் ஆயுள் முடிந்தது.

இன்னொன்று, எஸ்19-இல் ஆன்–ஆஃப் சுவிட்ச் கிடையாது. மின்சாரம் இருக்கும்போதே பிளக்கைச் செருகினாலும் பிடுங்கினாலும் முள்ளில் பொறி தெறித்துக் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளியே அடுத்த மாதத் தடை. எப்போதும் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுச் செருகுங்கள்.

படி 4: ரிக்குக்குள் இருக்கும் கேபிள்கள்

2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங்கைக் கைவிட்ட பிறகு கார்டு ரிக்குகள் குறைந்துவிட்டன. ஆனால் பழைய ரிக்குகள் கைமாறி, வேறு நாணயங்களுக்கு இன்னும் ஓடுகின்றன; கேபிள்களும் அதே பழைய கேபிள்கள். இரண்டாம் கையாக வாங்கினால் கேபிள்களைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது ரைசருக்கு (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் நீட்டிப்பு) மின்சாரம் தரும் சாட்டா கனெக்டர். அதில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். கார்டோ தன் ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கேட்கலாம். ஹார்ட் டிஸ்க்குக்காக வடிவமைத்த கனெக்டரில் கார்டைத் தொங்கவிட்டால், முதலில் பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு இளகும், பின்கள் நகர்ந்து ஒன்றையொன்று தொடும். ரைசருடன் இலவசமாக வரும் சாட்டா–6 பின் அடாப்டரைக் கத்தரித்து வீசுங்கள். வைத்திருந்தால் அவசரத்துக்கு எடுத்து மாட்டத் தோன்றும்.

பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் 6 பின் கேபிளால் ரைசருக்கு மின்சாரம் கொடுங்கள். அதன் தரம் 75 வாட், கணக்கு சரியாகப் பொருந்தும். பழைய 4 பின் மோலெக்ஸ் கனெக்டர்தான் இருக்கிறது என்றால் ஒரு கேபிளில் இரண்டு ரைசருக்கு மேல் வேண்டாம்.

கார்டின் 8 பின் கனெக்டருக்கு 150 வாட் கணக்கு. ஒரே கேபிளின் முடிவில் இரண்டு 8 பின் வாலாகத் தொங்கும் ரகம் உண்டு. 250 வாட் கார்டுக்கு அந்த இரண்டு வாலையும் பயன்படுத்தாமல், இரண்டு தனிக் கேபிள் போடுங்கள். புதிய 12 வோல்ட் 16 பின் கனெக்டர் 600 வாட் வரை சுமக்கும், ஆனால் பாதி செருகியதை மன்னிக்காது. இடைவெளி தெரியாமல் முழுதாக உள்ளே போக வேண்டும். கனெக்டரை ஒட்டியே கேபிளை மடக்கக் கூடாது.

கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் பவர் சப்ளை ஒன்றின் கேபிளை இன்னொரு சப்ளையில் மாட்டுவது பலருக்கும் நேரும் பிழை. கார்டு பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்க முனைக்குப் பொதுத் தரம் இல்லை. கச்சிதமாகச் செருகும், 5 வோல்ட் வர வேண்டிய பின்னில் 12 வோல்ட் வரும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே இந்த வேறுபாடு உண்டு. வாங்கிய அன்றே கேபிள்களில் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

இரண்டு பவர் சப்ளை வைத்தால், ஒரு கார்டும் அதன் ரைசரும் ஒரே சப்ளையிலிருந்து எடுக்கட்டும்.

படி 5: காற்று, தூசி, பக்கத்தில் இருக்கும் பொருள்கள்

மைனர் எடுக்கும் அத்தனை வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். எஸ்19 ஒன்று மணிக்குச் சுமார் 11,000 பிரிட்டிஷ் தெர்மல் யூனிட் சூட்டைக் கக்கும், ஒரு டன் ஏ.சி.யின் திறனே 12,000. காற்றைத் தள்ளி வெளியேற்றுவதே வழி. தேவையான அளவுக்கு எளிய கணக்கு: வாட்டை 3-ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி உயர்வைத் தாங்கலாமோ அதால் வகுத்தால் மணிக்கு வேண்டிய கன மீட்டர் கிடைக்கும். 3250 வாட், 10 டிகிரி என்றால் 975 கன மீட்டர். வெளியேற்றும் ஃபேன் மட்டும் போதாது, அதே அளவு காற்று உள்ளே வர வழியும் வேண்டும். மூடிய அறையில் ஃபேன் வெறுமனே சுழலும்.

எஸ்19 சுமார் 75 டெசிபல் இரைச்சல் போடும். தாங்க முடியாமல் மரப்பெட்டி செய்து உள்ளே பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டி மூடுகிறார்கள். காற்றோட்டம் குறைவு, சூடு அதிகம், சுற்றிலும் சட்டென்று பற்றும் ஃபோம். தீ மூட்ட ஆசைப்படுபவர்கூட இப்படித்தான் செய்வார்! சத்தம் பிரச்சினை என்றால் மைனரை இடம் மாற்றுங்கள்.

ரிக்கின் சட்டகம் இரும்போ அலுமினியமோ ஆக இருக்கட்டும். அட்டைப் பெட்டி, திரைச்சீலை, கம்பளம், பெயிண்ட் டப்பா எல்லாம் ஒரு மீட்டர் தள்ளி. வெளியேறும் சூட்டில் துணி காயப்போடுவது வேண்டாம், காற்றில் பறந்து ஃபேனை அடைக்க ஒரு கைக்குட்டை போதும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, ஃபேன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொண்டு, புளோயரால் தூசியை ஊதுங்கள். ஈரம் ஏறிய தூசி மின்சாரத்தைக் கடத்தும்.

படி 6: முதல் நாளே சூடு பாருங்கள்

முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக், சாக்கெட், கேபிளின் இரு முனை, எம்.சி.பி., ரைசர் கனெக்டர் என ஒவ்வொன்றையும் தெர்மாமீட்டரால் அளந்து எழுதி வையுங்கள். பளபளக்கும் உலோகத்தில் இன்ஃப்ராரெட் தப்பாகக் காட்டும். அளக்கும் இடத்தில் முன்கூட்டியே, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மின்னோட்டம் உள்ள எதையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

அறைச் சூட்டைவிட 20 டிகிரி வரை கூடியிருந்தால் பரவாயில்லை. 30 டிகிரி கூடினாலோ 60-ஐத் தொட்டாலோ நிறுத்திவிடுங்கள். சாதாரண பி.வி.சி. வயரின் எல்லையே 70 டிகிரி. இதைவிடக் கூர்மையான சோதனை ஒன்று உண்டு: பிளக்கின் இரண்டு முள்ளிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம், சூடும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 10 டிகிரி கூடுதல் என்றால் அந்தப் பக்கத்து இணைப்பு கெட்டுவிட்டது.

முதல் வாரம் தினமும், பிறகு மாதம் ஒருமுறை அளந்தால் போதும். நடுவில் அறையில் காரணமில்லாமல் மீன் வாடை அடித்தால் மூக்கை நம்புங்கள், சாக்கெட் பிளாஸ்டிக் வேகும்போது பெரும்பாலும் அப்படித்தான் நாறும்.

படி 7: தூங்கும்போது பார்த்துக்கொள்ள

அறைச் சூடு 45 டிகிரியைத் தாண்டினால் லைனையே துண்டிக்கும்படி ஒரு தெர்மோஸ்டாட்டும் கான்டாக்டரும் (பெரிய மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ரிலே) எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போடலாம். 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கை இதற்கு நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் சிறிய ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஆப்பில் அணைந்ததாகக் காட்டும், மைனர் ஓடிக்கொண்டிருக்கும். வேகம் கூட்டித் தரும் வெளி ஃபர்ம்வேர்களில் (மைனருக்குள் ஓடும் மென்பொருள்) சூட்டு எல்லையைத் தளர்த்தும் வசதி உண்டு. அதைத் தொட வேண்டாம்.

புகை அலாரம் ஃபோட்டோஎலக்ட்ரிக் வகையாக இருக்கட்டும். கனன்று எரியும் புகையை அது சீக்கிரம் பிடிக்கும். மைனரின் காற்று நேராக அடிக்கும் இடத்தில் மாட்டினால் புகை அதை எட்டாமல் போகும். படுக்கையறை அலாரத்தோடு இணைந்து ஒலிக்கும் வகை இன்னும் நல்லது.

மைனர் லைனின் எம்.சி.பி. அந்த அறைக்கு வெளியே இருக்க வேண்டும். புகை வந்தால் முதல் வேலை அதை இறக்குவது: மின்சாரம் நின்றால் தீக்குக் காற்று ஊதிக்கொண்டிருக்கும் ஃபேன்களும் நிற்கும். பிறகுதான் அணைப்பான், அதுவும் கதவருகே நின்று. கார்பன் டை ஆக்சைடு வகை மிச்சம் வைக்காது, ஏ.பி.சி. பவுடரும் அணைக்கும், ஆனால் மற்ற மைனர்களின் போர்டுகளை அரித்துவிடும். தண்ணீர் கூடாது. தீ ஒரு மைனரைத் தாண்டிவிட்டால் அணைக்கப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டு எல்லோரையும் வெளியே அழைத்து வந்து, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.